போதை டீச்சர்

நீச்சல் கண்ணாடியில் வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தார் வேதியியல் டீச்சர். வலது கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக. "ஒரு பக்கம் தூக்கலா இருந்தாத்தான் கால் கோணும்" என்பது அவர் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொருவரும் இதை மாட்டிக்கொண்டு சாக்பீஸ் கோட்டில் நடக்க வேண்டும், குடியின் லட்சணம் விளங்க வேண்டும் என்பது ஏற்பாடு. விளங்கியது வேறு. பெஞ்சில் மோதி விழுந்தவர்கள் எழுந்து மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். "குடிக்காமலே இவ்வளவு ஜாலின்னா, குடிச்சா எப்படியிருக்கும் மிஸ்?" என்று ஒருத்தி உண்மையான ஆர்வத்தோடு கேட்டாள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்து மூடிவைக்கும் இவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் போதை டீச்சர். பெயர் கிடக்கட்டும். இவருடைய நிஜமான வியாதி கேள்வி. அதே பள்ளியின் நூலகத்தில் இருக்கும் நான் தினமும் இவர் காரில்தான் போகிறேன். ஏன் லேட்டு, என்ன சாப்பிட்டே, போன்ல யாரு என்று துளைத்தெடுப்பதில், பள்ளி வாசல் வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அப்பேர்ப்பட்டவர் அன்று கரும்பலகையில் தன் போன் நம்பரை எழுதினார். "குடிக்காதீங்க. குடிச்சுத் தொலைச்சா, குடிச்சவன் ஓட்டுற வண்டியில ஏறாதீங்க. எனக்கு போன் பண்ணுங்க. வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

கடைசி பெஞ்ச் விழுந்து விழுந்து சிரித்தது. தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊரே சிரிக்கும் டீச்சர்."

"சிரிக்கட்டும் சார். பிள்ளைங்க முழுசா வீடு வந்து சேர்ந்தாப் போதும்."

ஒருத்தரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டாலும் அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள் என்பது டீச்சருக்கும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் காய்கறி வாங்கித் திரும்பும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு குழறல். "மிஸ்... வர்றீங்களா?"

மிஸ் என்று கூப்பிட்டது அவருடைய சொந்த மகள். அதே வகுப்புதான். தோழி வீட்டில் பிறந்தநாள் என்று போயிருந்தாள்.

அந்த வீட்டு வாசலில் வகுப்பே நின்று வேடிக்கை பார்த்தது, டீச்சர் என்ன செய்யப்போகிறார் என்று. மகள் பின்சீட்டில் வந்து சரிந்தாள். நெடி குப்பென்று காரை நிறைத்தது. எனக்கே கேட்பதற்குப் பத்துக் கேள்வி இருந்தது. டீச்சர் திரும்பி மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டு, கையை நீட்டி மகள் பக்கத்து ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டார்.