நாய் வாசல்

பீடத்தில் கைவைத்துச் சத்தமாகவே சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மணியடித்து, பெஞ்சு துடைத்து, சாவியை இடுப்பில் செருகித் திரிகிற கோயில்பிள்ளை வேலை எனக்கு. பழைய கட்டடத்துக்குச் சாவி வைத்திருக்கும் என் சகபாவிகளே, உங்களுக்கும் தெரியும்: உண்மையான சரித்திரத்தைச் சொன்னால் வந்தவர்கள் இரண்டு நிமிடம் நிற்பதில்லை.

சாய்ந்த மணிக்கூண்டு

நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய ஆங்கிலிக்கன் கோயில் எங்களுடையது. மண் இறங்கி மணிக்கூண்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த குடும்பத்திடம், "இந்தக் காத்துல கொத்தனாருங்க சாஞ்சு நின்னுதான் கட்டுனாங்க, அவங்க கண்ணுக்கு நேராத்தான் தெரிஞ்சிச்சு" என்றேன். அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"எங்க வீட்டுச் செவர மேசன் பாஸ் காத்தே இல்லாமச் சாச்சுட்டாரே, ஐயா."

வடக்குச் சுவர்

வடக்குச் சுவரில் படியே இல்லாத குட்டை வாசல் ஒன்று. தோட்டச் சனம் குடியிருக்கிற லயத்துப் பாதை நேரே அங்கேதான் வந்து முடியும். முன்வாசல் துரைமாருக்கு மட்டும் என்றிருந்த காலத்தில், ஒரு உபதேசியார் கெஞ்சிக் கூத்தாடி, நம்ம சனத்துக்காகக் கருங்கல்லை உடைத்து வைத்த வாசல். சபையின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் நானே வாசித்திருக்கிறேன்.

ஆனால் சுற்றுலா வந்த ஒரு சோடியிடம் வாய் சும்மா இருக்கவில்லை. "துரையோட நாய் ஜெபத்துக்கு வர வெச்ச வாசல். ஆமென் சொன்னா வாலை ஆட்டும்." அவர்கள் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். பிறகு வந்தவர்கள் எல்லாம் நாய் வாசலைத்தான் கேட்டார்கள். நான் திருத்தவில்லை. ஒரு குட்டி நாயையும் சேர்த்துக்கொண்டேன். பதுளையிலிருந்து வந்த ஒரு டீச்சர் கண் கலங்கிவிட்டார்.

"நாய்க்குக்கூட வாசல் வெச்ச மனுசன், எவ்வளவு நல்ல துரையா இருந்திருக்கணும்."

கமிட்டி

சபைக்கு மானக்கேடு, நாய் போன வழியை அடைத்துவிடுவோம் என்று கமிட்டியில் தீர்மானம். எழுந்து நின்று, அது நான் சும்மா சொன்னது என்றேன். காட்டலாமென்றால் அந்தக் கூட்டப் புத்தகத்தைச் செல் அரித்திருந்தது. செக்ரட்டரி சிரித்தார்.

"ஊருக்கே சொல்லிட்டு இப்ப இல்லேன்னா எப்படி அண்ணே? செங்கல்லு வந்து எறங்கியாச்சு."

பதினொரு படி

ஞானம்மாக்கா கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்தவள். முன்வாசலின் பதினொரு படியை அவளால் ஏற முடியாது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றாலும் சம்மதிக்கமாட்டாள். வடக்கு வாசலை அடைத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்படியில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாட்டைக் கேட்கிறாள். ஃபாதர் நற்கருணையை இறங்கி வந்து கொடுக்கிறார்.

"நாயி போற வழியாவா தம்பி இத்தன வருசமும் பீடத்துக்குப் போனேன்?" என்று ஒருநாள் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து உபதேசியார் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய்க் கதையச் சொல்லுறப்ப ஒன் கொரலு நடுங்கலயே தம்பி. இப்ப மட்டும் ஏன் நடுங்குது?"

கருங்கல் சுவரின் வாசலை வாயாலேயே அடைத்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் உங்களில் யாராவது போய் உபதேசியார் கதையை அவளிடம் சொல்லுங்கள், நம்புவாள். சொன்னது நான் என்று மட்டும் வாய்திறந்துவிடாதீர்கள்.