கோஷ்டத்துக்குத் தண்ணீர்

முத்தம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கோட்டூர்புரத்து ஆற்றோரக் குடிசையிலிருந்து விடிந்ததும் கிளம்பி, மந்தைவெளியில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து முடித்து, பத்து மணி வாக்கில் சிவன் கோயில் நந்தவனத்துக்கு வந்து சேர்வாள். அதற்குள் இடுப்பு விட்டுப்போயிருக்கும். ஆனாலும் நந்தவனத்து வேலையை மட்டும் அவள் வேலை என்று நினைத்ததில்லை. சுவாமிக்குப் போகிற பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை. நாளைக்கு யாராவது நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான் அவளுக்கு.

நந்தவனத்தைப் பார்த்துக்கொள்வது குருக்கள் வீட்டு அபயாம்பாள் மாமி. வில்வ மரத்து நிழலில் மாமி வைத்த செடி ஒன்று இருந்தது. இஞ்சி ஜாதி. தண்டைச் சுற்றிச் சுற்றி இலை போகும், மாடிப்படி ஏறுகிற மாதிரி. ஆடி, ஆவணியில் நுனியில் சிவப்பாக ஒரு கூம்பு கட்டும். அதிலிருந்து நாளைக்கு ஒன்று இரண்டாக, கசங்கின வெள்ளைப் பட்டுப் போலப் பூ வரும். முத்தம்மா அதைப் படிச்செடி என்பாள். மாமி சும்மா இஞ்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மார்கழியில் ஏதோ பத்திரிகையில் அதன் சரியான பெயரைப் படித்தாராம். அதை முத்தம்மாவிடம் சொல்ல மறந்துபோனார்.

தொண்ணூற்று மூன்று, தை மாதம். மகள் சாருலதாவின் பிரசவத்துக்கு மாமி நாக்பூர் கிளம்பினார். ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னார்:

"முத்தம்மா, மத்த எல்லாத்துக்கும் வழக்கம்போல விடு. கோஷ்டத்துக்கு மட்டும் நான் வர்ற வரைக்கும் ஜலமே விடப்படாது. தூங்கற காலம். தொந்தரவு பண்ணாதே, கேட்டியா?"

"சரிம்மா. நீ பத்திரமா போய் வாம்மா."

கருவறையின் வெளிச்சுவரில் சுவாமி இருக்கும் மாடத்தைக் கோயிலில் கோஷ்டம் என்பார்கள். தட்சிணாமூர்த்தி அங்கேதான் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் எண்ணெய் சிந்தின தரையைத் தினமும் கழுவிவிடுவது முத்தம்மா. சுவாமி நிஷ்டையில் இருக்கிற காலம் போலிருக்கிறது, நமக்கு என்ன தெரியும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அன்றோடு கழுவுவதை நிறுத்தினாள். குருக்களும் தண்ணீர்ப் பஞ்சம்தானே என்று கேட்காமல் விட்டார்.

பத்து நாளில் படிச்செடி மஞ்சளாயிற்று. பிறகு தண்டெல்லாம் காய்ந்து சாய்ந்தது. முத்தம்மா தினமும் குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்தாள். மாமி வந்து கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? கோயில் பம்பு வறண்டுவிட்டது. லாரித் தண்ணீர் வரிசையில் நின்று, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று தூக்கி வந்து செடிக்கடியில் ஊற்றினாள்.

வாசலில் பூ கட்டும் ஜெயபாரதி சிரித்தாள். "இன்னாக்கா, செத்த பொணத்துக்குப் பால் ஊத்தறா மாதிரி தெனம் ஊத்திக்கினு கீறே?"

"வாயக் கழுவுடி. உசிரு உள்ள கீது."

"உனுக்கு கீதா பாரு மொதல்ல!"

மாசி முடியும்போது மாமி திரும்பினார். தட்சிணாமூர்த்தி முன்னால் கால் வழுக்கிற்று. தரை கறுத்துக் கிடந்தது. வில்வத்தடிக்கு வந்தார். ஒரே சேறு.

"கோஷ்டத்துக்கு விடாதேன்னேனே, முத்தம்மா!"

"வுடலியேம்மா. சாமி சத்தியமா ஒரு சொட்டு வுடல. தரையக் கூட தொடல."

மாமி செடியைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி முன்னால் கறுத்த தரையைத் திரும்பிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடி அசடே, இந்தச் செடிக்குப் பேர்தான்டி கோஷ்டம்! பனிக்காலம் வந்தா மேல காஞ்சுடும், கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். அப்போ ஜலம் பட்டா அழுகிடும்."

தோண்டினார்கள். கிழங்கு வெந்த உருளைக்கிழங்கு போல நசுங்கியது. நாற்றம் குடலைப் பிடுங்கிற்று.

"எத்தனை நாள் விட்டே?"

"முப்பத்தேழு நாளும்மா. ஜொரம் வந்தன்னிக்கும் வந்தேன். என்னை நிறுத்திடாதம்மா."

மாமி மறுபடி குனிந்து மண்ணைக் கிளறினார். "நிறுத்தறதாவது. பேர் தெரிஞ்ச பெருமைல வாயை விட்டது நான். தோண்டு, ஓரத்துல பாரு."

ஓரத்தில், வில்வத்தின் வேர் தண்ணீரை இழுத்துக்கொண்ட இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கெட்டியாக இருந்தது. அதில் ஒரு முளைக்கண். அழுகலை அறுத்து, வெட்டின இடத்தில் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினார்கள். மணலும் இலை மக்கும் கலந்து மேடு கட்டி, கண் மேலே பார்க்க, இரண்டு விரல் ஆழத்தில் வைத்தார்கள்.

"முளை தலை காட்டற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. வெயில் காலம் முழுக்க ஆகலாம். அப்புறம் தாராளமா விடு."

"மொளைக்குமாம்மா?"

"தெரியலடி."

மறுநாள் மற்ற செடிகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு முத்தம்மா வில்வத்தடிக்கு வந்தாள். குடத்தில் பாதித் தண்ணீர் மிச்சம். கை தன்னால் குடத்தைச் சாய்க்கப் போயிற்று. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னாக்கா, குந்திக்கினே? வேலை இல்லியா?" என்று ஜெயபாரதி குரல் கொடுத்தாள்.

"வேலைதான்டி. தண்ணி ஊத்தாம கீறேன்."