வீரையா பூசாரி என்னிடம் கொடுத்த அரிவாள்

வீரையா பூசாரி இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவன் மாயழகு. தம்போய்ப் பக்கம் நான் இப்போது மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக வேலை பார்க்கும் தோட்டத்து மருந்துக் கொட்டகை வாசலில், எங்கள் பழைய ரப்பர் தோட்டம் இருக்கும் சாஆவிலிருந்து லாரி ஏறி வந்த புழுதியோடு நின்றான்.

"டிரெஸ்ஸரய்யா, பூசாரி போயிட்டாருங்க. மார்ச்சளி."

வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் இரண்டு வார்த்தை விசாரித்து அனுப்பியிருப்பேன். இவன் வாயால் கேட்டதும் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று பழைய தோட்டத்து மக்களுக்குத் தெரியும். அங்கே இன்று இருக்கும் இளவட்டங்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

வீரையாவைச் சாந்தமானவர் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். காலையில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுவார், வெள்ளிக்கிழமை மாலையில் முனியாண்டிக்கு மணியடிப்பார், மற்ற நேரமெல்லாம் யாரையாவது திட்டுவார். காய்ச்சலுக்கு நான் கொடுக்கும் கொயினா மருந்தைக் கசப்புத் தண்ணி என்பார். அவருடைய திருநீற்றை நான் அடுப்புச் சாம்பல் என்பேன். ஆனாலும் காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் பூசிய கையோடு, "டிரெஸ்ஸர்கிட்ட ஓடுடா. செத்துகித்துத் தொலைச்சா சாமி பேரு கெட்டுப்போவும்" என்று என்னிடம்தான் விரட்டுவார்.

எங்கள் இருவருக்கும் தலைவலி, கல்யாணமாகாத பையன்கள் இருந்த லயத்து வீட்டு வரிசை. சம்பளம் வந்தால் கள்ளுக்கடை. அதோடு நின்றதா? ஒளித்து வைத்திருக்கும் கஞ்சாவும் வெளியே வரும். கள் மட்டும் குடித்தவன் ஊரை நினைத்து அழுவான். கஞ்சா மட்டும் இழுத்தவன் சுவரில் சாய்ந்து தானாகச் சிரிப்பான். இரண்டையும் சேர்த்து உள்ளே தள்ளியவனைக் கண்டால் நான் விலகிப் போவேன். முகம் வெளுத்து, வாந்தியெடுத்து, விழுந்துவிட்டால் தப்பித்தோம். விழாதவன் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே ஆள் தேடுவான். மறுநாள் என் கொட்டகையில் உடைந்த மண்டையும் கடிபட்ட காதுமாக வரிசையில் நிற்பார்கள்.

பூசாரியிடம் சண்டை போட்டேன். "படையல்ல கள்ளும் வெக்கிறீரு, கஞ்சாவும் வெக்கிறீரு. ரெண்டையும் அந்தப் பயலுவளுக்கே எடுத்துக் குடுக்குறீரு. நல்லா இருக்கா இது?"

"முனியாண்டி பிரசாதம்யா அது. ஒங்க மருந்து மாதிரியா, ஆளப் பாத்துக் குடுக்க?" என்றார்.

அந்த வருடத்துப் பூசை பட்டப்பகலில் நடந்தது. மாயழகும் காத்தானும் கூட்டாளிகள். ஒரே தட்டில் கைபோட்டுத் தின்கிறவர்கள். படையல் இறங்கியதும் கஞ்சாச் சிலும்பி சுற்றி வந்தது, பின்னாலேயே கள் மொந்தை வந்தது. பூசாரி உடுக்கை அடிக்க அடிக்க மாயழகு கண் சொருகி, உடம்பை உதறி, "அரிவா! அரிவா!" என்று அலறினான். கூட்டம் கைகூப்பியது. சாமி இறங்கினால் அந்த வீட்டுப் பெண்தான் பீடத்து அரிவாளை எடுத்து இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அவன் தாய் பேச்சி ஈரப் புடவையோடு போய் எடுத்துவந்தாள். "வாங்கிக்க அப்பனே" என்று கொடுத்துவிட்டு மகன் காலில் விழுந்தாள்.

அவன் அவளை எட்டி உதைத்தான். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றச் செம்போடு வந்த காத்தானின் கழுத்தோரம் முதல் வெட்டு விழுந்தது. செம்பு உருண்டு, மஞ்சள் தண்ணீரும் இரத்தமும் கலந்து ஓடின. அப்போதும் யாரும் ஓடவில்லை. சாமி பலி கேட்கிறது என்று நினைத்து ஒருத்தி குலவையிட்டாள். அந்தக் குலவையைக் கேட்டுக்கொண்டே காத்தான் இன்னொரு வெட்டு வாங்கினான்.

பூசாரி உடுக்கையை வீசியெறிந்துவிட்டு ஓடினார். "சாமியில்லடா இது! சாமி வந்தா பெத்தவள ஒதைக்குமா? புடிங்கடா!" ஒருவரும் அசையவில்லை. தனியாகவே போய் அவன் கன்னத்தில் அறைந்தார். அடுத்த வீச்சு அவருடைய இடக்கையில் எலும்புவரை இறங்கியது. அந்தக் கையாலேயே அவனைக் கட்டிப் புரண்டு, மணிக்கட்டைக் கடித்துக் குதறினார். அரிவாள் விழுந்தது.

அதன் பிறகுதான் கூட்டத்துக்கு வீரம் வந்தது. யாரைக் கும்பிட்டோம் என்ற வெட்கமெல்லாம் வெறியாக மாறியது. பால்வாளி தூக்கும் காண்டாக் கம்புகளோடு பாய்ந்து, கீழே கிடந்த மாயழகை அடித்தே கொல்லப் பார்த்தார்கள். பூசாரி அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார்.

"இவனுக்குக் கள்ளையும் கஞ்சாவையும் குடுத்தது நானு! அடிக்கறதுன்னா மொத அடி எனக்குப் போடுங்க!"

போட்டார்கள். விலா எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. துரை துப்பாக்கியோடு வருகிறார் என்று நான் கத்தியதும்தான் கலைந்தார்கள். துரை அன்று தோட்டத்திலேயே இல்லை. காத்தான் என் பெஞ்சியில், என் கைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தான்.

கோர்ட்டிலும் பூசாரி அதையேதான் சொன்னார். என்னையும் சேர்த்து உள்ளே போடுங்கள் என்றார். அவரைப் போடவில்லை. மாயழகுக்குத் தூக்கு இல்லாமல் ஜெயில் கிடைத்தது.

அடுத்த பூசைக்குக் கள்ளும் இல்லை, கஞ்சாவும் இல்லை. பொங்கலும் சுருட்டும் வைத்தார். சாமியைப் பட்டினி போடுகிறான் என்று சொல்லி, இளவட்டங்கள் கள்ளுக்கடைச் சாலையில் அவரை மடக்கிப் பல்லை உடைத்தார்கள். வாயெல்லாம் இரத்தத்தோடு என்னிடம் வந்து, "டிரெஸ்ஸரே, சுருட்டுப் புடிக்கப் பல்லு வேணாமில்ல?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் மடியில் வேட்டித் துணி சுற்றிய ஒரு பொதி இருந்தது. பழைய அரிவாள் போலீசோடு போய்விட்டதால் அந்தப் பையன்களே பட்டறையில் புதிதாக அடித்து வந்து பீடத்தில் வைத்த அரிவாள் அது.

"இத ஒம்ம வெஷ மருந்து அலமாரியில வெச்சிப் பூட்டும். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். மனுசன் கேட்டா நீரு சொல்லும்."

பூட்டினேன். வேலை மாறி வந்தபோதும் கையோடு கொண்டுவந்தேன். கள்ளும் கஞ்சாவும் மெல்லத் திரும்பிப் படையல் ஏறின என்று கேள்விப்பட்டேன். அரிவாள் மட்டும் திரும்பவில்லை.

மாயழகு செய்தி சொல்லிவிட்டும் போகாமல் நின்றான். ஜெயில் முடிந்து வந்தும் தலையில் இன்னும் அந்தக் கம்படித் தழும்பு தெரிகிறது.

"புதுப் பூசாரி வந்திருக்காருங்க. இந்த வருசம் அரிவா இல்லாமப் பூச இல்லங்குறானுங்க பசங்க. பீடத்துல ஏறுனது ஒங்ககிட்ட இருக்குறதுதானாம், வேற அடிச்சா செல்லாதாம். அத வாங்கியாரச் சொன்னாங்க. வேற எவனும் வந்துடக் கூடாதுன்னு நானே போறேன்னு வந்துட்டேன்."

அலமாரியைத் திறந்து துணியை விலக்கினேன். அவன் பின்வாங்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பூட்டிடுங்கய்யா. டிரெஸ்ஸர் குடுக்கலன்னு போயிச் சொல்லிக்கிறேன்."

"அடிப்பானுங்கடா ஒன்ன."

"அடிக்கட்டுங்க. எம்மேல விழ வேண்டிய அடிய அவரு வாங்கலியா?"

லாரி ஏறிப் போய்விட்டான். வீரையா விட்டுச்சென்றதில் என்னிடம் இருப்பது அந்த அரிவாள் ஒன்றுதான். சாஆ இளவட்டங்களே, மாயழகைத் தொடாதீர்கள். அலமாரிச் சாவி என் மடியில் இருக்கிறது. வேண்டுமென்றால் நேரே என்னிடம் வந்து கேளுங்கள். மனிதன் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பூசாரி சொல்லியிருக்கிறார்.