ஜோம்பிக்கு ஒளிய இடம் பார்த்த கதை

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷம் ஊரில் மனுக்களுக்குக் குறைவே இல்லை. மனு டைப் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானும் இன்னொருத்தியும் வேலை பார்த்தோம். நான் எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். அவளுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வாரம் முழுக்கப் பெண்கள் விடுதியில் தங்கி, சனிக்கிழமை சாயந்திரம் மலை பஸ்ஸைப் பிடிப்பாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், அக்கா என்பாள். இரண்டு டிபன் பாக்ஸையும் திறந்துவிட்டால் எது யாருடையது என்று நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. போனில் பாதி பார்த்து வைத்திருந்த ஜோம்பி படம் ஒன்றைக் காட்டினாள். செத்தவன் எழுந்து வந்து கடிக்கிறான், கடிபட்டவன் அடுத்தவனைக் கடிக்கிறான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கு நிஜமாகவே பயம். "நம்ம ஊருக்கு வந்துட்டா இன்னாக்கா பண்றது? எங்க போறது?" என்றாள். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு இதே வேலை.

நான் எதிலும் கறார். அவள் முதலில் ஆட்சியர் அலுவலகத்தைச் சொன்னாள். "போடி, அங்க மனு குடுக்க நிக்கிறவங்கள்ல பாதி பேர் ஏற்கெனவே கடிபட்ட மாதிரிதான் இருக்காங்க" என்று தள்ளிவிட்டேன். அரிசி ஆலை குடோனில் சாப்பாடு உண்டு, தண்ணீர் இல்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தால் எவனும் கடிக்க முடியாது, ஆனால் வெயிலில் கருவாடாகிவிடுவோம். எங்கள் ஊர்ப் பழைய கோயிலை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உயரமான மதில், பெரிய கதவு. சாத்திவிட்டால் வேலை முடிந்தது.

"சாத்தினப்புறம் யாராச்சும் வந்து தட்டினா?"

"தொறக்கக் கூடாது. யாரக் கடிச்சிருக்குன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கும்?"

அவளுக்கு எப்போதும் மலைதான். "எங்க வூட்டுக்கு வந்துடுங்கக்கா. சாமை இருக்கு, ஓடைத் தண்ணி இருக்கு. வர்றதுக்கு ஒரே ரோடு, ஜீப்ப குறுக்க நிறுத்திட்டா போதும்" என்பாள். ஆனால் யாரை அழைத்துப்போவது என்று ஆரம்பித்தால் அவள் பட்டியல் நிற்காது. என் வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள், எங்கள் முதலாளி, எதிர் டீக்கடைக்காரர், விடுதியில் இட்லி ஊற்றும் அம்மா வரைக்கும் வந்துவிடும். அத்தனை பேருக்கும் இடம் ஏதுடி என்றால், "நெருக்கிக்கினு படுத்துக்கலாம்" என்பாள். உனக்கு ஒளியவே தெரியவில்லை என்று நான் கிண்டல் செய்வேன்.

அடுத்த வருஷம் மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் தெருவின் ஆண்கள் கூடி, வெளியாட்கள் வராமல் ரோட்டுப் பக்கம் முள் வெட்டிப் போடுவது என்று முடிவு செய்தார்கள். "ஏரிக்கரைப் பக்கம் தொறந்து கெடந்தா இதுல இன்னா பிரயோஜனம்? அதையும் அடைங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னவள் நான்தான். சாப்பாட்டு நேரத்தில் படித்த பாடம் அல்லவா? இரண்டு பக்கமும் கருவேல முள் ஆள் உயரத்துக்கு நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கரும்புக் கொல்லை வரப்பை மட்டும் அடைக்கவில்லை. அதை அடைத்தால் களை எடுக்க ஆள் வராது, அதனால் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் காலையில் அந்த வரப்பு வழியாக வந்து களை எடுத்துவிட்டு, எங்கள் அடிபம்பில் கைகால் கழுவிக்கொண்டு போனார்கள். அவர்கள் நோயைக் கொண்டுவருவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊரடங்கு தொடங்கிப் பத்து நாள் இருக்கும். மத்தியான நேரம் போன் வந்தது. "அக்கா, உங்க தெரு முள்ளுகிட்ட நிக்கிறேன்."

ஓடினேன். பால் வண்டியில் வந்து இறங்கியிருந்தாள். துணிப்பை, முகத்தில் துப்பட்டா.

"விடுதிய காலி பண்ணச் சொல்லிட்டாங்கக்கா. மலைக்கு பஸ் இல்ல. அடிவாரத்துல எங்க ஆளுங்களே கட்டை போட்டு மறிச்சிட்டாங்க. அப்பா பேசி அனுமதி வாங்கிக்கினு, வண்டி எடுத்துக்கினு வர மூணு நாள் ஆவுமாம். அதுவரைக்கும் உங்க வூட்ல இருந்துக்கறேன்."

இருக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. இருந்துக்கறேன் என்றாள்.

காவலுக்கு நான்கு ஆண்கள் நின்றார்கள், என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். எல்லோரும் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். "இன்னாம்மா, உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்றார் பெரியவர் ஒருவர். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியாருக்கு வீசிங் இருந்தது, பிள்ளைகள் சின்னவர்கள். காரணங்கள் எல்லாம் உண்மைதான். "கூட வேலை செய்யற பொண்ணுங்க. மலைக்குப் போவணும். சாப்பாடு குடுத்து அனுப்பிடலாம்" என்றேன், அவளுக்கும் கேட்கிற மாதிரி.

வீட்டுக்குப் போய்ப் புளிச்சோற்றை வாழை இலையில் கட்டி எடுத்துவந்தேன். டிபன் பாக்ஸில் கொடுத்தால் அது திரும்பி வருமே என்றுதான் இலை. முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று குச்சியால் தள்ளிவிட்டேன். அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டாள். "உப்பு கம்மிக்கா" என்றாள், சென்டரில் தினமும் சொல்வது போலவே. பிறகு இலையை மடித்து ஓரமாகப் போட்டுவிட்டு, "சரிக்கா, நா பாத்துக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு ரோட்டில் நடந்தாள்.

நான் திரும்பி வந்தபோது களை எடுத்த பெண்கள் அடிபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு களைக்கொத்தைக் கையில் கொடுத்து, கொல்லையைச் சுற்றி வரப்பு வழியாக வரச் சொல்லியிருந்தால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இருட்டினதும் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். முள்ளருகே நிற்கும்போதே தோன்றியது. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் அவளே எடுத்து, "வூட்டுக்கு வந்துட்டேங்கக்கா" என்றாள். எங்கே இருந்தாய் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நல்லதும்மா என்று வைத்துவிட்டேன். சென்டர் திறந்த பிறகு அவள் வேலைக்குத் திரும்பவில்லை, மலையிலேயே ஏதோ வேலை கிடைத்துவிட்டது என்று முதலாளி சொன்னார்.

போன வருஷம்தான் துணிந்து மலைக்குப் போனேன். பஸ் திரும்புகிற ஒவ்வொரு வளைவிலும், எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ப் பாய் போட்டாள். தட்டு வைத்துச் சோறு போட ஆரம்பித்தாள். அவள் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்கள நாங்க மறக்கவே மாட்டோம்மா. ஊரே அடைச்சிக் கெடந்தப்ப எம் பொண்ண மூணு நாள் உங்க வூட்ல வச்சிக் காப்பாத்தினீங்களே. அவ வந்து சொல்லிச் சொல்லி அழுதாம்மா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. குழம்புச் சட்டியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று ராத்திரியும் அவள் எங்கே படுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை இனி அந்த வீட்டில் சொல்ல முடியாது.

"அதுக்கென்னங்கம்மா," என்றேன். "எங்க வூட்டுப் பொண்ணுதானே."