முத்துவீரனின் ஆபரேஷன்

இரண்டாவது பிள்ளையைப் பெற்றுவிட்டுக் கிருபாவதி பிழைத்து வந்ததே பெரிது என்று ஓடைப்பட்டியில் பேசிக்கொண்டார்கள். பிரசவத்தில் மூச்சுமுட்டி, அவளைத் தேனியிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோன பிறகுதான் இதயத்தில் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா அவள் கணவன் முத்துவீரனைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை உண்டானா அவுக உயிருக்கே ஆபத்து. இப்போதைக்கு அவுக உடம்பு குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனைத் தாங்காது. நீங்க பண்ணிக்கங்க. ஆம்பளைகளுக்கு அது சின்ன வேலைதான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான். திராட்சைத் தோட்டத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று தனக்கே சாக்குச் சொல்லி, அதைப் பற்றி யோசிக்காமலே இருந்தான்.

ஊருக்கு வந்ததும் கிருபாவதி பிள்ளைகள் இருவரையும் நடுவில் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். காபி டம்ளரை வாங்கும்போது அவன் விரல் பட்டால்கூட அவள் கை சுருங்கியது. கல்யாணமான நாளிலிருந்து கேலியும் சிரிப்புமாக இருந்தவர்கள் அவர்கள். ஒரு மழை நாள் மத்தியானம், பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருந்தபோது, இருவருக்கும் அந்தப் பயம் மறந்துபோனது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

அந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

கிருபாவதி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் காலையில் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "நான் போயிட்டா பிள்ளைகளை எங்க அண்ணன் வீட்டுல விட்டுருங்க. இங்கன வச்சுக்காதீக."

அன்றே அவன் தெரிந்தவர் கண்ணில் படாமல் சின்னமனூருக்குப் போய், மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டையை வாங்கிவந்தான். அதில் ஒரு கோடுதான் விழுந்தது; கர்ப்பம் இல்லை. கிருபாவதி கதவில் சாய்ந்து அழுதாள். அவன் கொல்லைப்பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்தான்.

ஆபரேஷனுக்கு அன்றே ஒத்துக்கொண்டான். ஆனால் அவனுடைய பயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சிறுவயதில் அவன் அப்பா காளைக்குக் காயடித்தபோது, இவன்தான் கயிற்றைப் பிடித்திருந்தான். கிடாவைப் போல முட்டித் திரிந்த காளை, அதன்பின் சாட்டையைக் கண்டாலே தலையைத் தாழ்த்தியது. தானும் அப்படி ஆகிவிடுவோமோ? டீக்கடையில் கூட்டாளி ராக்கையா வேறு, "பண்ணிக்கிட்டவன் எவனும் மண்வெட்டியை நிமிர்த்திப் பிடிச்சதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் அம்மா இருளம்மாள் ஒரேயடியாக மறுத்தாள். "ஏலே, உனக்கு எதுக்குடா கத்தி? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நீ வேற கட்ட வேண்டாமா? வர்றவளுக்குப் பிள்ளை வேண்டாமா?"

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கிருபாவதி கேட்டுவிட்டாள்.

முத்துவீரன், "அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் போறேன்" என்றான். இருளம்மாள் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு லோயர் கேம்ப் ஊரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தேனி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தபோது அவன் மனதில் இருந்ததை டாக்டரிடம் கேட்டேவிட்டான்: "மாட்டுக்குக் காயடிக்கிற மாதிரிங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "மாட்டுக்கு விதையையே நசுக்குறாக. நாங்க அதைத் தொடுறதே இல்ல. உயிரணு வர்ற குழாயை மட்டும் கட்டுறோம். ஆசை, பலம் எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஆனா மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும். அதுவரைக்கும் ஆணுறை இல்லாம சேரக்கூடாது."

மூன்று மாதமும் அவன் கிருபாவதி பக்கமே போகவில்லை. டெஸ்டில் உயிரணு ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் போகவில்லை. டாக்டர் சொன்னது பொய்யாக இருந்தால்? அதைத் தெரிந்துகொள்ளவே அஞ்சினான். அதோடு வேறொரு குழப்பமும் இருந்தது. கல்யாணமான மறுமாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்ட ஊர் அது. பிள்ளை பிறந்த பிறகுதான் அவனை ஆம்பிளை என்று மதித்துப் பேசினார்கள். இனிப் பிள்ளை வராது என்றால், அவளைத் தொடுவது எதற்கு?

ஏன் விலகியே இருக்கிறான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபாவதியே கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, மனதில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அப்ப இத்தனை வருஷமா பிள்ளைக்குன்னுதான் என்னைத் தொட்டீகளா?"

அவன் யோசித்தான். "இல்லை."

"நானும் அதுக்காக மட்டும் உங்க பக்கத்துல வரலை."

சொல்லிவிட்டு அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். அவன் தன் கையை அவள் கைமேல் வைத்தான். இந்தமுறை அது சுருங்கவில்லை.

காளையைப் பற்றிய பயம் அன்றோடு போயிற்று. அவள் உயிரைப் பற்றிய பயம் போகவில்லை. கிருபாவதி இன்னும் இதய மாத்திரையில்தான் இருக்கிறாள். வால்வைக் கத்தியில்லாமல் பலூன் விட்டு விரிக்க மதுரையில் தேதி சொல்லியிருக்கிறார்கள். திராட்சைப் பந்தலுக்கடியில் குலை வெட்டும்போது அவள் சற்று நின்று மூச்சு வாங்கினால், முத்துவீரன் அடுத்த வரிசையிலிருந்து கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருகிறான்.