மல்லாந்து கிடந்த தாசில்தார்

"காதரு, தாசில்தார் மல்லாந்து கெடக்காரு. மூச்சு மட்டுந்தான் ஓடுது. கையில இருக்க வேலைய அப்படியே போட்டுட்டு வாரும்."

காலையில் கடையைத் திறந்து ஏர் பம்புகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ஈரம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கப்பி மீன் வாங்க வந்து நின்ற ஒருவர் பதறிவிட்டார்.

"எந்தத் தாலுகா தாசில்தார் அண்ணாச்சி?" என்றார்.

"பெருமாள்புரத்துல ஒரு வீட்டு ஹால்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் உறிஞ்சும் சைஃபன் குழாயையும் தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட்டையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

மீன் தொட்டி வைத்துக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வேலையைக் கற்றது வளைகுடாவில், ஒரு பெரிய ஓட்டல் வரவேற்பறையில். அங்கே சுவர் அகலத்துக்கு ஒரு தொட்டி. அதற்கு ஒரு மேனேஜர், ஒரு அட்டவணை. மீனுக்கு உறவுக்காரர் என்று யாரும் கிடையாது. ஊர் திரும்பி பாளையங்கோட்டையில் கடை போட்ட பிறகுதான் தெரிந்தது, இங்கே ஒவ்வொரு தொட்டியையும் சுற்றி ஒரு குடும்பம் இருக்கிறது என்று. அங்கே படித்த பாடத்தில் அது இல்லை.

வெறும் தண்ணீர்

போன் செய்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வருவாய்த் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி ஓய்வு பெற்றவர். சைவக் குடும்பம், வீட்டில் முட்டைகூட நுழைந்தது கிடையாது. அவருக்கு இருதயத்தில் ஒரு அடைப்பு வந்து சரிசெய்த பிறகு, டி.வி. செய்தி பார்த்துக் கத்துவதை நிறுத்தச் சொன்ன டாக்டர், அதற்குப் பதிலாக மீன் தொட்டியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தால் பிரஷர் இறங்குமாம்.

மூன்றடித் தொட்டி வைத்தேன். கிராவல் கல்லைக் கழுவி அடியில் போட்டு, டாப் ஃபில்டர் மாட்டி, தண்ணீர் நிரப்பினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்தை எடுக்க ஆன்டி-குளோரின் சொட்டு விட்டபோது அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது தாமிரவருணித் தண்ணி வே. இதுக்கு மருந்தா?"

"ஆத்துல இருக்கவரைக்கும் தாமிரவருணிதான் அண்ணாச்சி. டேங்குல ஏறி குளோரின் கலந்து கொழாய்ல வரும்போது அது கார்ப்பரேஷன் தண்ணி."

ஒரு வழியாக ஒப்புக்கொண்டார். அடுத்து நான் சொன்னதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் வரும். அதைத் தின்று தீர்க்கிற நல்ல கிருமிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற வேண்டும். இதை நாங்கள் சைக்கிளிங் என்போம். சில வாரங்கள் ஆகும். அதுவரை, கிருமிகளுக்குத் தீனியாக நான் விடுகிற சில சொட்டு அம்மோனியா போக, தொட்டியில் தண்ணீர் மட்டும்தான்.

"அதுவரைக்கும் நான் எதைப் பாக்கது?"

"தண்ணியப் பாருங்க."

பார்த்தார். தினமும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் மனைவி கோமதி அக்கா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைத் தனியே கூப்பிட்டு, "பாய், அவிய வெறுந் தண்ணிய உத்துப் பாத்துக்கிட்டு இருக்காவ. பக்கத்து வீட்டுல இருந்து வந்து என்னட்ட பைய விசாரிச்சிட்டுப் போறாவ" என்றார்.

நான் தைரியம் சொல்லிவிட்டு வந்தேன். பிரஷர் என்னவோ அந்த வாரங்களில் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

பதவிகள்

மீன் விட்ட அன்றைக்கு அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் கோல்டு ஃபிஷ் இனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதவி கொடுத்தார். சுறுசுறுப்பாக அங்கும் இங்கும் ஓடியது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ. அடியிலேயே கிடந்து கல்லைப் புரட்டியது தலையாரி. உருண்டை உடம்பும், தலையில் தொப்பி வைத்தது போல் சதையும் கொண்ட ஒரண்டா வகை மீன் ஒன்று இருந்தது. அதுதான் தாசில்தார்.

"நான் மொதல்ல வேலை பாத்த ஆபீஸ்ல ஒருத்தரு இப்படித்தான் வே. ஒரே எடத்துல நிப்பாரு. ஒரு வேலையும் செய்யமாட்டாரு. காப்பி வந்தா மட்டும் மொத ஆளா முன்னால வருவாரு."

மனுஷர் சிரித்துக்கொண்டே பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டி.வி. ரிமோட் எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை என்று கோமதி அக்காவும் சந்தோஷப்பட்டார். இப்படிக் கொஞ்ச காலம் நன்றாகப் போனது.

ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது அக்கா மீன் தீனி டப்பாவைத் திறந்துவிட்டார். வாடை அடித்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். அடுத்த நிமிஷம் எனக்குப் போன்.

"பாய், இதுல மொத வரியே மீன் தூளுன்னு போட்டுருக்கு. ரெண்டாவது எறா. மீனுக்கு மீனையா போடுதிய?"

"ஆமாக்கா. கடல்லயும் கொளத்துலயும் அதுதான நடக்கு?"

"அங்கன நடக்கட்டும். எங்க வீட்டுல நடக்காண்டாம்."

பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் கேட்டது: "பின்ன என்ன, அதுகளுக்குத் தேவாரமா பாடச் சொல்லுத?"

போன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்கு அடுத்த தடவை போனபோதுதான் தெரிந்தது. நான் ஹாலில் நிற்கிறேன். அக்கா அடுக்களை வாசலில் நின்று, "பாய், காப்பி வேணுமான்னு அவியட்ட கேளுங்க" என்கிறார். அண்ணாச்சி தொட்டியைப் பார்த்தபடி, "சீனி போடாண்டாம்னு சொல்லும் வே" என்கிறார். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொட்டியும் சரியில்லை. தண்ணீர் மோர் மாதிரி வெளுத்திருந்தது. சோதித்தால் அம்மோனியா ஏறிக் கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். இரண்டொரு நாளில் மறுபடியும் வெளுத்தது. ஃபில்டரைப் பார்த்தேன், நன்றாக ஓடியது. மறுபடி மாற்றினேன். மறுபடி வெளுத்தது. அந்தச் சமயத்தில்தான் ஆர்.ஐ. இறந்துபோனது. அண்ணாச்சி அதை முருங்கை மரத்தடியில் புதைத்தார் என்று கேள்வி. அதற்கப்புறம் வந்ததுதான் நான் முதலில் சொன்ன போன்.

கடுகு

நான் போனபோது தாசில்தார் தண்ணீரின் மேல்மட்டத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. செவுள் மட்டும் அசைந்தது. அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். வேர்த்திருந்தது. கையை நெஞ்சில் வைத்திருந்தார். மீன் போனால் போகிறது, இந்த மனுஷருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

"அண்ணாச்சி, மாத்திரை போட்டியளா?"

"அதெல்லாம் போட்டாச்சி. நீரு அவரைப் பாரும்."

தண்ணீர் மாற்றுவதற்காக இந்தத் தடவை சைஃபன் குழாயைக் கிராவலுக்குள் ஆழமாக விட்டேன். மறுமுனை வெள்ளைப் பக்கெட்டில் இருந்தது. முதலில் வழக்கமான கசடு வந்தது. பிறகு ஒரு சோற்றுப் பருக்கை. அதற்குப் பின்னால் இன்னும் நிறையப் பருக்கைகள். அப்புறம் ஒரு கடுகு.

இத்தனை வருஷத் தொழிலில் என்னவெல்லாமோ தொட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். கம்மல், சாவி, ஒரு தடவை பல்செட்டுகூட. தாளித்த கடுகு வந்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கறிவேப்பிலைத் துணுக்கும் வந்தது. அதன் கூடவே, தின்னாமல் ஊறி வீங்கிய மீன் தீனி உருண்டைகள் கூட்டமாக வந்து விழுந்தன.

பக்கெட்டை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்தேன்.

அண்ணாச்சியை மாடிப்படிப் பக்கம் கூட்டிப் போனேன். தீனி டப்பாவை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று அக்கா சொன்னதால் அவர் அதை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்திருந்தார். அக்கா பூஜைக்கு உட்காரும் நேரம் பார்த்துப் போடுவாராம்.

"எவ்வளவு போடுவிய?"

"ஒரு வேளைதான கெடைக்கி. பசிக்கும்லா. கொஞ்சம் கூடத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காதரு, உம்மட்ட சொல்லுததுக்கு என்ன. அவளுக்கு இதுகளைப் புடிக்கல. அவ ஏதாவது..." என்று ஆரம்பித்தவர் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியதே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அடுக்களைக்குப் போனேன். "அக்கா, தொட்டியில தயிர்ச்சோறு போட்டியளா?"

அக்கா முதலில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினார். "அந்த ஆர்.ஐ. செத்த அன்னைக்கி அவிய சாப்பிடவே இல்ல பாய். நான் தீனிய நிறுத்தினதாலதான் பட்டினில செத்துப்போச்சோன்னு எனக்கு மனசு கேக்கல. அவிய நடக்கப் போற நேரமா ரெண்டு உருண்டை போட்டேன். தயிரு ஒடம்புக்குக் குளிர்ச்சிதான?"

"தாளிச்சா போடுவாவ?"

"தாளிக்காம எப்படிச் சாப்பிடும்?"

இரண்டு பேரையும் ஹாலுக்கு வரவழைத்துப் பக்கெட்டைத் திறந்து காட்டினேன். "சோறும் கருவேப்பிலையும் அக்கா போட்டது. தீனி உருண்டை அண்ணாச்சி போட்டது. ரெண்டும் அடியில கெடந்து அழுகித்தான் தண்ணி வெளுத்துருக்கு. யாரும் எதையும் கொல்லப் பாக்கல. ரெண்டு பேரும் மாறி மாறிச் சோறு போட்டுருக்கிய."

அண்ணாச்சி பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

விரதம்

தாசில்தாருக்கு வந்தது அஜீரணம். உருண்டை உடம்புக் கோல்டு ஃபிஷ் அதிகம் தின்றால் குடல் உப்பி, உடம்பைச் சமன்செய்கிற காற்றுப்பையை அழுத்திவிடும். அப்புறம் நேராக நிற்க முடியாமல் மல்லாந்துவிடும். இதற்கு வைத்தியம் சுலபம். இரண்டு மூன்று நாள் ஒன்றும் போடக்கூடாது. பிறகு உப்பில்லாமல் வேகவைத்த பச்சைப் பட்டாணியைத் தோல் உரித்து, பொடியாக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

"பட்டினியா?" என்றார் அண்ணாச்சி.

"விரதம்" என்றார் கோமதி அக்கா, என்னைப் பார்த்து. "பட்டாணின்னா சொன்னிய பாய்?"

"ஆமாக்கா. பட்டாணிதான் இதுக்கு மருந்து."

அக்கா கணக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரி அடுக்களைக்குள் போனார்.

தொட்டி முன்னால் அக்கா காவல் இருந்தார். மற்ற மீன்களெல்லாம் கண்ணாடியில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து அண்ணாச்சி எனக்குப் போன் செய்து, "கொலைபாதகம் வே இது" என்றார். அக்காவின் குரல் பின்னால் கேட்டது: "விரதம்னா விரதந்தான்."

பட்டாணி நாளன்று நானும் போயிருந்தேன். அக்கா வேகவைத்து உரித்துக் கொண்டுவர, அண்ணாச்சி பழைய ஆபீஸ் பேனாக்கத்தியால் அதை நறுக்கினார். நான் குச்சியால் ஒரு துண்டைத் தாசில்தார் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தலைகீழாகவே அதைக் கவ்வியது. இன்னொரு துண்டு. அண்ணாச்சி குனிந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நெழல் விழுது" என்றார் அக்கா.

அவர் தள்ளி நின்றார். பிறகு, "நீயே குடு. ஒன் கையால குடுத்தா வாங்குது" என்றார்.

நான் குச்சியை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் சோதிப்பது மாதிரி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மறுநாள் காலை ஒரு போட்டோ வந்தது. தாசில்தார் நேராக நின்றுகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்காகப் பட்டாணியை மட்டுமே எப்போதும் போட முடியாது. என் வீட்டுக்காரி ஜன்னத்திடம் சொன்னேன். நோன்பு நேரத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவோம். கொதிக்க வைத்து ஆறவிட்டால் கட்டியாகிவிடும். சீனிக்கும் பாலுக்கும் பதிலாகக் கீரை, பாசிப்பயறு, ஸ்பைருலினா என்ற பாசிப்பொடி எல்லாவற்றையும் அரைத்து அதில் கலந்து காய்ச்சினால் என்ன என்றாள். துண்டு போட்டு வைத்தால் மீனுக்குச் சரியான தீனி, தண்ணீரிலும் கரையாது. அக்காவும் ஜன்னத்தும் போனில் பேசிப் பக்குவம் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் பேசுகிறார்கள். மீனைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் வெளுத்தால் எல்லாரும் முதலில் ஃபில்டரைக் கழற்றுவார்கள், டெஸ்ட் கிட்டை எடுப்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். அதற்கு முன்னால் வீட்டில் யார் யார் தீனி போடுகிறார்கள், யாருக்குத் தெரியாமல் போடுகிறார்கள் என்று கேளுங்கள். தனித்தனியாகக் கேளுங்கள். மீன் பசியில் சாவது அபூர்வம். பிரியத்தில் சாவதுதான் அதிகம்.

போன மாதம் அண்ணாச்சியைச் செக்கப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பிரஷர் ரொம்ப நாளைக்குப் பிறகு சரியான அளவில் இருந்ததாம். வீட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணாச்சி, "மீன் தொட்டி" என்றிருக்கிறார். அதே நேரத்தில் அக்கா, "பட்டாணி. இவியளுக்கும் அதான் குடுக்கேன், உப்பில்லாம" என்றிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே எனக்குப் போன் வந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

"அண்ணாச்சி சொல்லுததும் சரி, அக்கா சொல்லுததும் சரி" என்றேன்.

"ரெண்டும் சரின்னா, நீரு எதுக்குவே இருக்கீரு?"

"தண்ணி மாத்த" என்றேன்.