திபெத்துக்காரரின் இருபத்தொரு சுற்று

என் பக்கத்து வீட்டுக்காரிக்கு அம்மன் வந்ததாக ராயபுரத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். வரவே இல்லை. அவள் சுற்றிய சுற்று, என் வீட்டுக்காரர் கப்பலில் கரி அள்ளிப்போட்டு இடுப்பொடிந்த காலத்தில், கல்கத்தா துறைமுகத்தில் கம்பளி விற்க வந்த ஒரு திபெத்துக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒருத்தராவது நம்ப வேண்டுமே.

சுதந்திரம் வந்த புதிது. கிடங்கில் நாளெல்லாம் நின்று வேர்க்கடலை புடைக்கிற வேலை எனக்கு. விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்தபோது முதுகு நிமிரவில்லை. "நிமிந்து நின்னுகினு வா, எட்த்துக்கிறேன்" என்று மேஸ்திரியம்மா அனுப்பிவிட்டாள். வீட்டுக்காரர் கப்பலேறிப் போயிருந்தார். அந்த வேலையும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

அவர் சொல்லிக்கொடுத்திருந்ததைச் செய்து பார்க்கத் துணிந்தேன். கைகளை அகல விரித்து வலப்பக்கமாக இருபத்தொரு சுற்று. பிறகு மூச்சை நிதானமாக இழுத்துவிட்டபடி, மெல்லக் காலெடுத்து வைக்கும் ஓர் ஆட்டம். தலைசுற்றி விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமென்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். விடிகாலையில் கடற்கரையில், படகு மறைவில் அவளும் கூடச் சுற்றினாள். ஒரு மாதத்தில் என் முதுகு நிமிர்ந்தது. மனசில் அடைத்திருந்த பயமும் விட்டது.

"இன்னாமே, கொயந்த மாரி சிரிச்சிகினு கீறே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மறுநாள் நான் போவதற்குள் அவள் தனியாகவே சுற்ற ஆரம்பித்திருந்தாள். அவிழ்ந்த கூந்தல், விரித்த கை, மூடிய கண். மீன் வாங்க வந்த பெண்களுக்கு வேறென்ன தோன்றும்? யாரோ ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து ஏற்றியிருந்தார்கள். காலில் விழுந்து வாக்கு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐய, எய்ந்திருங்க! இது ஒடம்புக்குச் செய்றது. நான்தான் கத்துக் குட்த்தேன்!" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்துதான் பார்த்தாள், பாவி! பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றினாள்.

அந்தக் கூட்டத்தில் மேஸ்திரியம்மாவும் இருந்தாள். என்னைக் கைகாட்டி, "இவள வேலைக்கு எட்த்துக்கலாமா தாயே?" என்று கேட்டாள். கோபத்திலும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. தினமும் என் முதுகைத் தேய்த்துவிட்டவள் ஆயிற்றே, இதில் போயா கெடுப்பாள்?

"என்னியே பொய்யின்றா. அவ வேணாம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.